போக்கியத்து வீடு

மலையைப் பார்ப்பதற்கும் விலை வைத்துவிட்டார்கள், கேட்டீர்களா? ஆசிரமத்துக்குப் பின்புறம், செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற அந்தச் சந்தில், மொட்டைமாடியில் நின்றால் உச்சி தெரிகிற வீடென்றால் ஒரு விலை, தெரியாத வீடென்றால் ஒரு விலை. மலை என்னவோ இவர்கள் அப்பன் பாட்டன் கட்டிவைத்துவிட்டுப் போன மாதிரி! எழுபத்து நாலில் வஜீதாவும் பீர் முகம்மதுவும் அங்கே குடிவந்தபோது, பொழுது சாய்ந்தால் ஜட்காக்காரன் அந்தப் பக்கம் வர மாட்டான். இப்போது எண்பத்தைந்து. சந்து முனையில் லெமன் டீ கடை, வாடகை சைக்கிள் கடை, ருத்திராட்சம் விற்கிற கடை. வெள்ளைக்காரர்கள் வேட்டியை அரையும் குறையுமாகச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். பால்காரன் இருசப்பன் அவர்களுக்கு ஒரு விலை சொல்லப் பழகி, கடைசியில் எல்லாருக்கும் அதே விலையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

பீர் முகம்மது தையல்காரர். வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொள பைஜாமாவும் ஜிப்பாவும் தைத்துத்தான் குடும்பம் ஓடியது. அதனால் அவரும் அவர்களைக் குறை சொல்ல மாட்டார். வஜீதாதான் சொல்வாள். பன்னிரண்டாயிரம்கூடப் பெறாத வீட்டை ஒன்றரை லட்சத்துக்குக் கேட்கிறார்கள் என்றால் அது நல்லதுக்கா, நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் இருந்தது போக்கியத்துக்கு. ஐயாயிரம் ரூபாயை மொத்தமாக வீட்டுக்காரர் சக்கரபாணி கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் வாடகை கிடையாது. மூன்று வருஷம் கழித்து அவர் அந்த ஐயாயிரத்தைத் திருப்பித் தந்தால் இவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தராதவரைக்கும் யாரும் அசைக்க முடியாது. மூன்று வருஷம் முடிந்தபோது, "இருங்க பாய், இன்னா இப்ப அவசரம்" என்று சக்கரபாணியே சொன்னார். அப்படியே பதினொரு வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கு ஐயாயிரம் பெரிய பணம். இன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பக்கத்தில் மாட்டுக்கொட்டகைகூடப் போக்கியத்துக்குக் கிடைக்காது.

முதலில் போனவள் எதிர்வீட்டுச் சரசு. போக்கியப் பணம் திரும்பி வந்தது, வேங்கிக்கால் தாண்டி எங்கோ ஓலைக்கூரை போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வேடியப்பன் குடும்பம், அடி அண்ணாமலைக்கு. ஒவ்வொரு வீடும் காலியாகும், ஒரு மாசம் பூட்டிக்கிடக்கும், பிறகு சுவர் இடிக்கிற சத்தம் கேட்கும். பங்குனி வந்தபோது அந்த வரிசையில் விளக்கேற்றிச் சோறாக்குகிற வீடு வஜீதாவின் வீடு ஒன்றுதான். ஒருநாள் காலையில் வாசலுக்கு வந்தால், முன்பின் தெரியாத இரண்டு பேர் டேப் பிடித்து அவள் வீட்டுச் சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். யாரென்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. நாற்பத்திரண்டு அடி என்று எழுதிக்கொண்டு, அவள் நிற்கிற இடத்தையும் சேர்த்து அளந்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டாள். புருஷனிடமும் சொன்னாள், பத்தாவது படிக்கிற மகள் ரஹமத்திடமும் சொன்னாள். "வூட்டுக்காரர் கையிலேர்ந்து பத்து பைசா வாங்கக் கூடாது. கடுதாசி வந்தாலும் வாங்கக் கூடாது. வாங்கனா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

"ஏமாத்தச் சொல்றியா?" என்றார் பீர் முகம்மது.

"இன்னாங்க ஏமாத்து? அந்தாளு ஒன்றர லட்சத்துக்கு விக்கட்டும், வேணான்னு சொல்லல. நாம வேற எடம் பாத்துக்கற அளவுக்குக் கூடப்போட்டுக் குடுக்கட்டும். அதுவரைக்கும் வாங்கல. வாங்கலன்னா தப்பில்லியே?"

"வாங்காதவரைக்கும் தப்பில்ல" என்றார். பீர் முகம்மதுவுக்கு எதுவும் அப்படித்தான். தைத்த துணியில் கையளவு மிச்சமிருந்தாலும் மடித்து உரியவனிடம் கொடுத்துவிடுகிற ஆள். அந்தச் சந்தில் இது எல்லாருக்கும் தெரியும். சக்கரபாணிக்கும் தெரியும்.

சித்திரையில் மணியார்டர் வந்தது, திருப்பி அனுப்பினாள். ரிஜிஸ்தர் தபால் வந்தது, ஆள் இல்லை என்று ரஹமத்தை விட்டுச் சொல்லவைத்தாள். புரோக்கர் ராமதாஸ் தோல்பையோடு நேரிலேயே வந்து, "ஏம்மா, மெட்ராஸ் பார்ட்டி லாட்ஜ் கட்டறதுக்கு அட்வான்ஸே குடுத்துட்டான். நீங்க ஒருத்தருதான் முட்டுக்கட்ட" என்றார். கதவைத் திறக்காமலே பேசி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துக் கிணற்று ராட்டினத்தை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெறுங்கையால் கயிற்றை இழுத்துத் தண்ணீர் எடுத்தாள், கை கொப்பளித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, பொல்லாத நெஞ்சுக்காரி.

அப்புறம் வைகாசி முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை. தபால் இல்லை, புரோக்கர் இல்லை. எதிரே வந்த சக்கரபாணி, "பாய் சௌக்கியமா?" என்று கேட்டுச் சிரித்தார். யாராவது மிரட்டினால் தாங்கிக்கொள்ளலாம். சிரித்தால் என்ன செய்வது? வஜீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அவரு உட்டுட்டாரு போல" என்று ரஹமத் சொன்னபோது, "ஓநாய் சும்மா இருந்தா விரதம்னு நெனச்சியாடி?" என்று எரிந்து விழுந்தாள்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பீர் முகம்மது ஜும்மா முடிந்து கடைக்குப் போயிருந்தார். வாசலில் வளையல் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கஸ்தூரி, சக்கரபாணியின் மனைவி. பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் சக்கரபாணி, ராமதாஸ், வெள்ளைவேட்டிப் பெரியவர் ஒருவர். கஸ்தூரியைப் பார்த்ததும் வஜீதா கதவைத் திறந்துவிட்டாள். ரஹமத் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி பகலாகக் கூடவே உட்கார்ந்து வெந்நீர் வைத்துக்கொடுத்தவள் அல்லவா? அவளுக்குத் திறக்காமல் யாருக்குத் திறப்பது?

"பாப்பாவுக்குக் கல்யாணம், வஜீதா" என்றாள் கஸ்தூரி. "ஆவணில."

"அல்லா! நம்ம பாப்பாவுக்கா? உள்ள வாங்கக்கா, மொதல்ல ஒரு வாய் டீ குடிங்க."

"வேணாம். இன்னும் பத்து வூட்டுக்குப் போவணும்" என்றாள். முகம் கறுத்துக்கிடந்தது. கல்யாண அலைச்சல் என்று வஜீதா நினைத்துக்கொண்டாள்.

கஸ்தூரியின் கையில் தாம்பூலத் தட்டு. மஞ்சள் தடவிய பத்திரிகை, வெற்றிலை, கற்கண்டுப் பொட்டலம், ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைச் சரம். "பாய் இல்லன்னா இன்னா, நீங்களே வாங்கிக்கங்கம்மா" என்றார் சக்கரபாணி. "நல்ல காரியம். ரெண்டு கையாலயும் வாங்கணும்."

வஜீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். கஸ்தூரி தட்டைக் கொடுத்தாள், ஆனால் பிடியை விடவில்லை. இரண்டு பேர் கையிலும் தட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. "குடுங்கக்கா" என்று சிரித்தபடி வஜீதாதான் இழுத்து வாங்கினாள். கஸ்தூரி திரும்பிப் பார்க்காமல் விறுவிறு என்று போய்விட்டாள்.

உள்ளே கொண்டுபோய்ப் பழச்சீப்பைத் தூக்கினாள். அடியில் காக்கிக் கவர் ஒன்று. பிரித்துப் பார்க்கவே வேண்டாம். கை வைத்ததும் தெரிந்துவிட்டது.

"அண்ணா! இது என்னங்கண்ணா?" என்று கவரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சக்கரபாணியும் மற்ற இரண்டு பேரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள், போகவே இல்லை.

"உங்க பணம்தாம்மா. ஐயாயிரம், எண்ணிப் பாத்துக்கங்க. பெரியவரு சாட்சி, ராமதாஸ் சாட்சி. கல்யாணத்துக்கு முன்னாடி காலி பண்ணிக் குடுத்துருங்க."

"நான் பத்திரிகைதான வாங்கனேன்! இது அக்கிரமம்! ஆண்டவனுக்கே அடுக்காது!" கவரை அவர் காலடியில் வீசினாள். சக்கரபாணி பதறவில்லை. குனிந்து எடுத்து, தூசி தட்டி, வாசற்படியில் வைத்தார். "எனக்கு மட்டும் ஆசையாம்மா? பொண்ணக் கட்டிக் குடுக்கணுமே. பாய்கிட்ட சொல்லுங்க, அவருக்குப் புரியும்" என்றார். குரல் தணிவாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பீர் முகம்மது வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வாசற்படியில் கவர் அப்படியே இருந்தது. அதைத் தாண்டி உள்ளே வராமல் நின்றார். வழியிலேயே சாட்சிக்காரர்கள் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"கை நீட்டி வாங்குனியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருக்கலாம். ரஹமத்கூடக் கண்ணால் ஜாடை காட்டினாள். இருபது வருஷத்தில் அந்த மனுஷனிடம் வஜீதா பொய் சொன்னதில்லை. இன்றைக்கு வீடே போகிறது என்று தெரிந்தும் நாக்கு எழவில்லை.

"தட்டத்தாங்க வாங்கனேன். அடியில இருந்தது தெரியாது. சத்தியமா தெரியாது."

"வாங்குனியா, இல்லியா?"

"வாங்கனேன்."

அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் இவளும் நாலு வார்த்தை பேசி, அழுது, ஏதாவது வழி பண்ணியிருப்பாள். பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் உள்ளே வந்தார். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த தொழுகைப் பாயை எடுத்தார். எப்போதும் விரிக்கிற இடத்தில் விரிக்கப்போகிறார் என்று அவள் ஒதுங்கி நின்றாள். அவர் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வெளியே போய்ச் சந்து ஓரத்தில், மண்ணில் விரித்தார்.

சைக்கிளில் வந்த வெள்ளைக்காரன் ஒருவன் மணியடிக்காமல் ஒதுங்கிப் போனான். லெமன் டீ கடையில் எல்லாரும் பார்த்தார்கள். வஜீதாவுக்கு மானமே போய்விட்டது. தொழுது முடித்த பிறகும் அவர் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் வாசற்படிவரைக்கும் வந்தாள்.

"என்னங்க, எல்லாரும் பாக்கறாங்க. உள்ள வாங்க."

பீர் முகம்மது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"யார் வூட்டுக்குள்ள கூப்புடற வஜீதா?" என்றார்.