அஞ்சு மணிக் கஞ்சி

ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி இருபது ரூபாய். அரிசிக்கு இவ்வளவு, தேங்காய்க்கு இவ்வளவு, இறைச்சிக்கு இவ்வளவு என்று சாய்ந்தமருதில் எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும் பிரித்துச் சொல்லுவான். வெறும் வயிற்றோடு அடுப்படியில் நின்று அதைக் கிண்டுகிற கையின் விலையைக் கேட்டால் மட்டும் சிரிப்பான். அது விலைமதிப்பில்லாததாம். அப்படிப் புகழ்ந்தே ஒரு பொருளைச் சும்மா வாங்கிக்கொள்வது பெரிய வியாபாரம். அதில் இந்த ஊர் ஆண்களை இதுவரை யாரும் வென்றதில்லை.

றஸாக் அந்தச் சிரிப்போடுதான் தங்கையின் தகரக் கொட்டிலுக்குள் நுழைந்தான். கையில் கடிதம்.

"இன்டவியூ வந்திரிக்கி புள்ள. எத்தின மணிக்கித் தெரியுமா? நாளைக்கிப் பின்னேரம் அஞ்சு மணிக்கி!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த றாஹிலா கத்தியைக் கீழே வைத்தாள்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று அவள் புருஷன் கரையோர மீன்வாடியில் இருந்தான். அவனும் திரும்பவில்லை, வாடியும் மிஞ்சவில்லை. புருஷனுக்காக நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்தவளிடம் மிச்சம் இருந்தது உயர்தரச் சான்றிதழும் உம்மா ஸைனம்புவும்தான். இந்த நோன்பு மாதத்தில் கஞ்சி விற்றுப் பிழைத்தாள். பெருநாள் வந்தால் கஞ்சி வியாபாரம் படுத்துவிடும். அதன் பிறகு அரிசிக்கும் உப்புக்கும் கூடப்பிறந்த காக்காவின் கையைப் பார்த்திருக்க வேண்டும். றஸாக் கொடுப்பான், கொடுத்ததைப் பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேருக்குச் சொல்லியும் காட்டுவான்.

கல்முனையில் வீடு கட்டிக் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் கள உத்தியோகத்தர் ஆறு பேரை எடுக்கப்போகிறது என்று கேட்டு அவள் விண்ணப்பம் போட்டாள். ஆறில் மூன்று பெண்களுக்கு என்று காசு கொடுக்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். பெண்கள் வராவிட்டால் அந்த இடத்துக்கும் ஆண்களைப் போடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். முகாமையாளர் ஷரிபுதீனுக்குப் பிடித்தது அந்த இரண்டாவது வசனம். அவருக்கு வேலையில்லாத மருமகன்மார் மூன்று பேர்.

நேர்முகப் பரீட்சைக்கு நேரம் குறிப்பது லேசான காரியமா? காலையில் வைத்தால் பெண்கள் வந்துவிடுவார்கள். மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு வைத்தாலும் வந்துவிடுவார்கள். இரவில் வைத்தால் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து கேள்வி வரும். நோன்பு மாதத்து ஐந்து மணி என்றால் எவரும் வாய் திறக்க முடியாது. அஸர் தொழுதாயிற்று, வெயில் தணிந்தாயிற்று, ஆண்களுக்கு வசதி. ஊர்ப் பெண்களுக்கோ எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பானை கொதிக்கிற நேரம். தனக்கு வேண்டியவனுக்கே மாடு விழவேண்டும் என்று நினைக்கிற ஏலக்காரன், மற்றவர்கள் ஜும்ஆத் தொழுகையில் இருக்கும்போது மணி அடிப்பானே, அந்தக் கெட்டித்தனம்.

அதற்கு மேலும் ஒரு கெட்டித்தனம் செய்தார். தன்னோடு கேள்வி கேட்க உட்காருகிறவர்களையும் சேர்த்து மூன்று பேருக்கும் நோன்பு துறக்க றாஹிலாவிடமே கஞ்சிக்குச் சொல்லி, அறுபது ரூபாயையும் முன்கூட்டியே அனுப்பிவைத்தார்.

"ஒண்டுக்கும் யோசியாதகா," என்றான் றஸாக். "அல்லாஹ்வே தடுத்திட்டான். அந்த நேரத்தில பானைய உட்டுட்டு ஆரும் வெளிக்கிடுவாளா? ஊர் என்ன கதைக்கும்?"

"அல்லாஹ் தடுக்கல்ல காக்கா. ஷரிபுதீன் சேர்தான் தடுத்திரிக்காரு."

"வாய அடக்கு! கஞ்சி இல்லாம நோன்பாளிகள் எப்புடித் துறக்கிற?"

"ஈச்சம்பழமும் தண்ணியும்தானே நபி காட்டின சுன்னத்து? கஞ்சி என்ன பர்ளான கடமையா?"

றஸாக் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவன். வாயில் நோன்பை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"பர்ளு இல்லதான்... அது நம்மட வழம."

"அப்ப அந்த வழமைய நாளைக்கி ஒரு நாள் நீங்க கிண்டுங்க."

மூலையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த ஸைனம்பு தலையை நிமிர்த்தவில்லை. "இஞ்சியக் கூடப் போட்டுராத மனே. வெறும் வகுறு, எரியும்," என்றாள்.

அன்றே றாஹிலா விண்ணப்பம் போட்ட பெண்களின் கொட்டில்களுக்கெல்லாம் ஏறி இறங்கினாள். எல்லார் வீட்டிலும் அதே கடிதம், அதே பெருமூச்சு.

"கஞ்சி இல்லாட்டி எங்கட ஊட்டுக்காரர் தலாக்குச் சொல்லிருவாரு ராத்தா," என்றாள் றுஸ்தா.

"ஒரு கோப்பக் கஞ்சிக்கு உட்டுட்டுப் போறவரு ஒரு பிளேன்டீக்கும் போவாருகா. நீ சேட்டிபிக்கட்ட எடு."

மறுநாள் ஐந்து மணிக்குப் பதினொரு பெண்கள் நிறுவனக் கந்தோர் வாசலில் போட்டிருந்த நீள வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஷரிபுதீன் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்த தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முதலில் ஆண்களைக் கூப்பிடச் சொன்னார். ஒரு மருமகனிடம் சுகம் விசாரிக்கவே கால் மணித்தியாலம் போனது. நோன்பு துறக்கிற பாங்கு நெருங்கினால் பெண்கள் தாமாக எழும்பி வீட்டுக்கு ஓடுவார்கள் என்பது அவர் கணக்கு.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பெண்கள் கைப்பைகளிலிருந்து ஈச்சம்பழத்தை எடுத்தார்கள். காரைதீவிலிருந்து வேலைக்கு வருகிற எழுதுவினைஞர் குணம் ஒரு பெரிய கூசா நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒருத்தியும் எழும்பவில்லை.

உள்ளே மேசையில் மூன்று வெறுங்கோப்பைகள். ஷரிபுதீன் வெளியே வந்தார்.

"றாஹிலா, கஞ்சி எங்க?"

"இண்டைக்கிக் கஞ்சி இல்ல சேர். கிண்டுறவளுக்கு அஞ்சு மணிக்கி இன்டவியூ."

ஆண்கள் வரிசையிலேயே ஒருவன் சிரித்துவிட்டான். ஷரிபுதீனின் காது சிவந்தது.

"இப்ப நேரம் போயிட்டு. பொம்புளையள் இருட்டுக்க நிக்கிறது சரியில்ல. நாளைக்கிப் பாப்பம்."

"நாளைக்கி எத்தின மணிக்கி சேர்? அஞ்சுக்கா? நல்லம். காக்காமார் கஞ்சி கிண்டப் பழகிட்டாங்க." அவள் குணத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணன், இண்டைக்கி வந்த பொம்புளையள்ற பேர எழுதுங்க. வந்த நேரத்தையும் போடுங்க, கொழும்புக்குக் காட்ட வேணும். நாங்க கையெழுத்து வெச்சிட்டுத்தான் போவம்."

குணம் முகாமையாளரின் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.

அன்றைய கணக்கு இவ்வளவுதான். முன்பணம் அறுபது ரூபாய், ஷரிபுதீனின் மேசையில் திருப்பி எண்ணி வைக்கப்பட்டது. றஸாக் கிண்டிய கஞ்சி ஒரு பானை, அடிப்பிடித்தது; ஸைனம்பு இரண்டு கோப்பை குடித்தாள். தலாக், எந்த வீட்டிலும் இல்லை. வரமாட்டார்கள் என்று எண்ணப்பட்ட பெண்கள் பதினொரு பேர், வந்தார்கள். பெண்களுக்கென்று சொன்ன வேலை மூன்று, பாக்கி.

பாக்கியை வாங்காமல் வாசலை விட்டு எழும்புகிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது.