பதினேழு டிகிரியில் வெடியுப்பு

1.

இந்தக் கதையை ஒரு பொய்யிலிருந்து எடுத்தேன். அது என் பொய் அல்ல என்று சொல்லத்தான் ஆசை.

நான் ஏற்காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நூறு கிராம் தண்ணீரில் வெடியுப்பு எவ்வளவு கரையும் என்று பிள்ளைகள் சோதித்துப் பார்க்க வேண்டும். நாற்பத்தாறு கிராம் என்று மாதிரி ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. அது சேலத்தில், முப்பது டிகிரியில் யாரோ எழுதியது. எங்கள் ஆய்வகத்தில் ஜனவரியில் பதினேழு டிகிரிதான். இருபத்தெட்டு கிராமுக்கு மேல் போட்டால் உப்பு கரையாமல் அடியில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆய்வக உதவியாளர் மரியதாஸ் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

"கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக்கச் சொல்லுங்க டீச்சர். நோட்டுல இருக்கற கணக்கு வந்துருமுங்க."

"ஆறினதும் உப்பு திரும்ப வந்துருமே?"

"ஆறறதுக்குள்ள பெல் அடிச்சுருமுங்க."

நான்கு வருடமாக நாற்பத்தாறுக்கு நான் முழு மதிப்பெண் போடுகிறேன். மறுநாள் காலையில் பீக்கர்களின் அடியில் ஊசி ஊசியாக நிற்கும் உப்பைக் கழுவிவிடுவதும் நான்தான்.

2.

முதல் தொடக்கம்: "மலர் சாளரத்தின் வழியே பனியைப் பார்த்தபடி

(நிறுத்திவிட்டேன். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள். இங்கே குடியிருப்பவர்களுக்கு அது துணி காயாத தொல்லை, அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்: "மலருக்கு வயது முப்பத்தெட்டு. வேதியியல் ஆசிரியை. மஞ்சக்குட்டையில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். கணவன் ரஞ்சித்துக்குச் சேலத்தில் வேலை. வெள்ளிக்கிழமை இடமாறுதல் கலந்தாய்வு. இந்த வருடமாவது அவள் சேலத்தைக் கேட்பாளா?"

இது பரவாயில்லை. கேள்வி தெளிவாக இருக்கிறது.

3.

மலர் மீது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு பக்கம் எழுதியும் அவள் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அப்படி ஒரு பெண் உண்டா?

(மலர் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? என் பெயர் சசிரேகா. ரஞ்சித்தின் பெயரை மாற்றவில்லை. அவர் மருந்துக்குக்கூடக் கதை படிக்கமாட்டார்.)

இருந்தாலும் மலர் என்றே எழுதுகிறேன், வசதியாக இருக்கிறது. முதல் வருடம் ரஞ்சித் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து இறங்கியதும் வாந்தி எடுப்பார், முகத்தைக் கழுவிக்கொண்டு சிரிப்பார். இரண்டாம் வருடம் சனிக்கிழமைகள் பாதியாகின. இப்போது தினமும் எட்டு மணிக்குப் போன் மட்டும்.

"நல்லாத்தானுங்க இருக்கேன்," என்பாள் மலர். மூன்று நாள் காய்ச்சலில் கஞ்சி வைக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதும் அதையேதான் சொன்னாள்.

4.

பிணைப்புப் பாடம் வந்தால் கல்யாணத்தை உதாரணம் சொல்வது எங்கள் தொழிலின் பழைய அறுவை. ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுக்கும், இன்னொன்று வாங்கிக்கொள்ளும். அது அயனிப் பிணைப்பு. இரண்டும் பங்கு போட்டுக்கொண்டால் சகப் பிணைப்பு. நானும் சொன்னேன். பெஞ்சின் ஓரத்திலிருந்து அபிஷா கேட்டாள்:

"ஏனுங்க மிஸ், குடுக்கவும் இல்ல, பங்கும் போடல, சும்மா பக்கத்துல நின்னா?"

அதற்கும் பெயர் உண்டு என்றேன். தண்ணீரில் ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையே ஓர் இழுப்பு இருக்கிறது, ஹைட்ரஜன் பிணைப்பு. பலவீனமானது, தள்ளிப் போனால் இல்லாமலே

வாக்கியத்தை வகுப்பிலும் முடிக்கவில்லை. அழுகை வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்ததையே மறுபடி எழுதினேன்.

5.

முடிவு அ: மலர் சேலத்தைக் கேட்டு வாங்குகிறாள். பஸ் ஸ்டாண்டில் ரஞ்சித் அவள் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். (சினிமா மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

முடிவு ஆ: சேலத்தில் காலியிடமே இல்லை. யார்மீதும் குற்றமில்லை. (இது நல்ல முடிவு. ரஞ்சித்திடம் நான் சொன்னதும் இதைத்தான்.)

6.

கலந்தாய்வு முடிந்து பதினொரு நாள் ஆகிறது. காலியிடம் இருந்தது. ரஞ்சித்தின் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுகிற பள்ளி. திரையில் அதன் பெயரைப் பார்த்தேன், பார்த்துவிட்டு ஏற்காட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காரணம் சின்னப்பிள்ளைத்தனமானது. நான் வரவில்லை என்றால் அவர் ஒரே ஒரு தடவை வருத்தப்படுவதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டிருந்தால் மனமொத்த மாறுதலில் என்னோடு இடம் மாற்றிக்கொள்ள ஓர் ஆளைத் தேடியாவது இறங்கிப் போயிருப்பேன்.

"இடமே இல்லீங்க," என்றேன்.

"அப்படியா? செரி உடு. அங்கதான் உனக்கு நொம்ப நல்லா பழகிருச்சே."

மூச்சுவிடும் நேரம்கூட இடைவெளி இல்லை. அது நிம்மதியா? இல்லை, நான்கு வருடமாக நான் சொன்ன "நல்லா இருக்கேன்" எல்லாவற்றையும் அந்த மனிதர் அப்படியே நம்பிவிட்டாரா? எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். தெரியவில்லை.

இப்போது மணி ஏழே முக்கால். எட்டுக்குக் கூப்பிடுவார், எப்படி இருக்கிறாய் என்பார். மலர் சொல்ல வேண்டிய பதிலுக்குக் கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். உங்களுக்கு வந்தால் எழுதுங்கள், எனக்கு வரவில்லை.

"                                        "