ஓப்பலின் முன்னங்கால்

பதினொரு வாரமாக வெர்லா விடிவதற்கு முன்பே எழுந்து மந்தையை ஓட்டி வந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் இரண்டும் அவளோடு தினமும் சண்டை போட்டன. வயோமிங் மலைக்குள் இருக்கும் அந்த வேட்டை முகாமில் ஏழு கோவேறு கழுதைகள், இரண்டு குதிரைகள். கழுதைகளைக் கட்டவே வேண்டாம். கழுத்தில் மணியோடு ஓப்பல் என்ற பெண் குதிரை எங்கே நிற்கிறதோ, அங்கேதான் அவையும் நிற்கும். அதனால் மேயவிடும்போது ஓப்பலின் முன்னங்கால்களை மட்டும் தோல் தளையால் பிணைப்பாள்.

நேற்று மாலை பிணைக்கவில்லை. குனிய முடியவில்லை, அவ்வளவுதான். முதலாளி ராய்ஸ் புதிதாக வாங்கிய மின்வேலி இருக்கிறதே என்று போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் வேலிக் கம்பி அறுந்து கிடந்தது. எல்க் மான் ஏதோ பாய்ந்திருக்கிறது. மந்தையில் ஒன்றுகூட இல்லை. இன்னொரு முறை தொலைத்தால் சமையல் கூடாரத்துக்கு அனுப்பிவிடுவதாக ராய்ஸ் செப்டம்பரிலேயே சொல்லியிருந்தான்.

வேட்டைக்கு வந்திருந்த பல் டாக்டர் காபியோடு சிரித்தார். “என்ன, கழுதைங்க லீவு போட்டுட்டுப் போயிடுச்சா?”

“உங்க மூட்டைய நீங்களே தூக்கிப் பழகுங்கன்னு போயிருக்குங்க.”

தளையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். இன்று முகாமைக் கலைத்துக் கணவாயைத் தாண்டாவிட்டால் பனி வழியை மூடிவிடும். ஆறு மைல் தள்ளி, ஓடையோரம் மணி கேட்டது. ஓப்பல் சாவகாசமாக மேய்ந்தது; சுற்றிலும் அந்த ஏழும், இன்னொரு குதிரையும்.

“நல்லா இருடி நீ,” என்றாள் வெர்லா. திட்டவும் தெம்பில்லை. ஓடைச் சேற்றில் தளையைப் புரட்டி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

முகாமுக்குத் திரும்பியதும் முந்திக்கொண்டு சொன்னாள். “தளையோடவே குதிச்சுக் குதிச்சுப் போயிருக்கு, ராய்ஸ். அங்க போய்தான் அவுத்தேன்.”

ராய்ஸ் குனிந்து ஓப்பலின் குளம்புக்கு மேலே தடவிப் பார்த்தான். தளையோடு ஆறு மைல் குதித்த காலில் தோல் உரிந்திருக்க வேண்டும். இங்கே ஒரு மயிர்கூடக் கலையவில்லை. வெர்லாவுக்குக் காது சுட்டது.

அவன் நிமிர்ந்து டாக்டரிடம் சொன்னான்: “வேலிய நான்தான் சரியா போடல. இவ மேல தப்பில்ல.”

பிறகு அவனும் வெர்லாவும் கழுதைக்கு இரண்டு பக்கமும் நின்று சுமை கட்டும்போது, மெதுவாக, “அடுத்த வருஷம் சமையல பாத்துக்கோ, வெர்லா,” என்றான். குரலில் கோபமே இல்லை.

இந்தப் பேச்சுக்குத்தான் அவள் இத்தனை நாள் பயந்தாள். காதில் விழுந்ததும் முதலில் வந்ததோ, அப்பாடா, இனிக் குனிய வேண்டாம் என்ற நினைப்பு. சொன்ன பொய்யைவிட அதுதான் அவளை வெட்கப்படுத்தியது. வாரை இழுத்து இறுக்கியபடி அழுதாள்.

“எனக்கு ரொட்டி சுட வராதே, ராய்ஸ்.”

“தெரியும். தின்னுக்கறோம்.”