சுத்தம் செய்த குரல்

மதியம் பேச்சுப் பயிற்சியாளர் வருவதற்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் அண்ணனை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

பதிவான குரலைக் கேட்டு, பேச்சில் குறை உண்டா என்று சொல்லும் மென்பொருள். அவள் எழுதியது. பள்ளிப் பிள்ளைகளின் குரல்கள் இனி இதன் வழியாகத்தான் போகும். குறை இல்லை என்று வந்தால் அந்தப் பிள்ளையைப் பயிற்சியாளர் பார்க்கமாட்டார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சிறு வயதிலிருந்தே திக்குவாய். ஆனாலும் வாய் ஓயாது. வீட்டில் அவன் பெயர் ரேடியோ.

மைக் முன் உட்கார்ந்து, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கல்யாண கோஷ்டியின் கதையை அளந்தான். நடுவில் நாலைந்து முறை சொல் அடைத்தது. வாய் திறந்தபடி நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் வராது. பிறகு சொல் வந்து விழும். அவன் பாட்டுக்குத் தொடர்வான்.

திரையில் பச்சை. குறை இல்லை.

"அடேங்கப்பா, குணமாயிட்டேன்!"

"சும்மா இரு அண்ணா."

"ஏன்? உன் மிஷின் தப்பே பண்ணாதுன்னு பீத்திக்கிட்ட?"

மென்பொருள் கேட்ட ஒலியை அவளும் காதில் மாட்டிக் கேட்டாள். செய்தி வாசிப்பவனைப் போல அண்ணன் கடகடவென்று பேசினான். அடைப்பு ஒன்றுகூட இல்லை.

எந்தப் பதிவையும் முதலில் சுத்தம் செய்வார்கள். இரைச்சலை நீக்குவது, பேச்சில்லாத இடத்தை வெட்டுவது. எல்லாரும் செய்வதுதான், அவளும் யோசிக்காமல் செய்திருந்தாள். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் திக்குபவர்கள் பிடிபட்டார்கள். அண்ணனின் திக்கல் முழுக்க அந்த மௌனத்தில் இருந்தது. அதை அவளே வெட்டி எறிந்திருந்தாள்.

மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"சார், இன்னிக்கு இதைக் குடுக்க முடியாது."

"ஒருத்தர் தப்பினா என்னம்மா? மத்ததெல்லாம் நல்லாத்தானே பிடிக்குது?"

"இவர மாதிரி பேசுற அத்தனை பிள்ளையையும் விட்டுடும் சார். வெட்டுறதை நிறுத்திட்டு மிஷினுக்கு மறுபடி கத்துக்குடுக்கணும்."

"வர்றவங்க கோவிச்சுக்கிட்டா?"

"நான் பேசிக்கிறேன்."

பயிற்சியாளர் வந்ததும் இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டினாள், வெட்டியதையும் வெட்டாததையும். தப்பு தன்னுடையது என்றாள். வெட்டாத பதிவின் முதல் அடைப்பிலேயே அந்தம்மா விரலைத் தூக்கினார்.

"இப்படித் திக்குற பிள்ளைங்கதான் வகுப்புல அமைதியானவங்கன்னு பேர் வாங்கிட்டு உக்காந்திருக்கும். யாரும் கண்டுக்கமாட்டாங்க. என்கிட்ட இப்படிப் பதிவு நிறைய இருக்கு, தரேன். எப்ப முடிப்பீங்க?"

"அடுத்த வாரம்."

சொன்னபடி முடித்தாள். சோதனையில் மென்பொருளின் மொத்த மதிப்பெண் கொஞ்சம் இறங்கியிருந்தது. மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். அவள் கவலைப்படவில்லை. அண்ணனின் பழைய பதிவை உள்ளே அனுப்பினாள். சிவப்பு.

அண்ணனுக்கு ஃபோன் செய்தாள்.

"சிவப்பு வந்திருக்கு அண்ணா."

எதிர்முனை அடைத்து நின்றது. அவள் காத்திருந்தாள்.

"...பரவாயில்லையே. இப்பதான் உன் மிஷினுக்குக் காது கேக்குது."

அவள் சிரித்துக்கொண்டே பயிற்சியாளருக்கு எழுதினாள்: பள்ளிகளில் தொடங்கலாம்.