யூட்சன் எழுதிய இருபத்துமூன்று சாவுகள்

2001ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், கிளிநொச்சியில் கிடுகு வேய்ந்த ஒரு வகுப்பறையில், நிறஞ்சனா ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாங்கில் இருந்த கமலாசனி குனிந்த தலை நிமிரவில்லை. அவளுடைய மடியில் ஏதோ இருந்தது. இடது கையின் மூன்று விரல்களைத் தாள்களுக்கிடையில் மூன்று இடங்களில் செருகி வைத்துக்கொண்டு, வலது கையால் அவசரமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த விரல்களைக் கண்டதும் நிறஞ்சனாவுக்குக் கணக்கு மறந்துபோனது. ஒரு புத்தகத்தை அப்படிப் பிடிக்கிறவர்களை அவள் கண்டு பல வருடங்கள் ஆகிவிட்டன.

"என்ன அது? இஞ்ச கொண்டா."

றோனியோ நகல் இயந்திரத்தில் அடித்து, கம்பி குத்திய மெல்லிய புத்தகம். 'களப்பின் அடியில் கோட்டை' என்று அட்டையில் இருந்தது. அதன் கீழே, 'ஆக்கம்: சி. ஜெயந்தன், உருத்திரபுரம்.'

முதலாவது தாளைத் திருப்பினாள். 'நீ நந்திக்கடல் கரையில் நிற்கிறாய். உன்னிடம் ஒரு தூண்டிலும் அரை றாத்தல் பாணும்தான் இருக்கின்றன. தண்ணீருக்கு அடியில் மணிச்சத்தம் கேட்கிறது. குதிக்கப் போகிறாய் என்றால் 12க்குப் போ. பயமாக இருக்கிறது என்றால் 3க்குப் போ.'

மூன்றில் என்ன இருக்கும் என்பது திருப்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். 'பயந்தாங்கொள்ளி! வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு மீன் வெட்டிக் கொடு. மீனின் வயிற்றுக்குள் கோட்டைக் கதவின் திறப்பு இருக்கிறது. இனி என்ன செய்வாய்? 12க்குப் போ.' அதை எழுதியவன் அவளுடைய அண்ணன் யூட்சன். அவன் இறந்து மூன்று வருடங்களுக்கு மேல் ஆகிறது.

"ஆர் தந்தது இது?"

"உருத்திரபுரத்தில ரியூசன் சேர், ரீச்சர். மாமா வீட்டை போன நேரம்..."

நிறஞ்சனா அடிமட்டத்தால் வாங்கில் ஓங்கி அடித்தாள். "நீ படிக்க வாறனியோ, கள்ளப் புத்தகம் வாசிக்க வாறனியோ?"

கமலாசனியின் உதடு நடுங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இந்தக் கோபம் இந்தப் பிள்ளைக்கு உரியது அல்ல என்று நிறஞ்சனாவுக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் அடக்க முடியவில்லை. புத்தகத்தைப் பறித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

*

அவர்கள் முல்லைத்தீவுக் கரையோரத்தார். அப்பா மரியநேசனுக்குக் கடல்தான் தொழில். அப்பாவின் தம்பி அன்ரன் கப்பலில் வேலை செய்தவர். 1986இல் விடுமுறைக்கு வந்தபோது, ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய ஒரு ஆங்கிலப் புத்தகத்தை யூட்சனுக்குக் கொடுத்தார். பச்சை அட்டையில் நெருப்புக் கக்கும் ஒரு விலங்கு. யூட்சனுக்கு அப்போது பதினொரு வயது, நிறஞ்சனாவுக்கு எட்டு.

அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க முடியாது. கதை துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கத்தோடு இருந்தது. கதையின் வீரன் வாசிக்கிறவன்தான். குகைக்குள் போவதா, ஆற்றைக் கடப்பதா என்று அவனே முடிவெடுத்து, அதற்குரிய இலக்கத்தைத் தேடிப் போக வேண்டும். பூதத்தோடு சண்டை வந்தால் தாயக்கட்டை உருட்ட வேண்டும். அவர்களிடம் தாயக்கட்டை இல்லை. ஆறு சோகியைக் குலுக்கிப் போட்டு, மல்லாந்து விழுந்ததை எண்ணினார்கள். விளங்காத சொல்லுக்கு யூட்சன் அகராதியைப் புரட்டுவான். அதற்குள் பூதம் தன்னைத் தின்றுவிடும் என்று நிறஞ்சனா உண்மையாகவே பயப்படுவாள்.

யூட்சன் கள்ளம் செய்வான். எடுத்த முடிவு பிழையாய்ப் போனால் திரும்பிப் போவதற்காக முந்திய பக்கத்தில் விரலை வைத்துக்கொள்வான். அந்தக் கையில் ஐந்து விரலும் முடிந்துவிட்டால், "உன்ர விரலைத் தா" என்பான். நிறஞ்சனா பத்து நிமிடம் விரலை எடுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். தன் வாழ்க்கையில் அவ்வளவு பொறுப்பான வேலையை யாரும் அவளிடம் அதற்கு முன் தந்ததில்லை.

எல்லா வழிகளும் மனப்பாடமான பிறகு, 1990இல் யூட்சன் சொந்தமாக ஒன்று எழுதத் தொடங்கினான். மட்டை போட்ட பெரிய கொப்பி, நூற்றியறுபது பகுதிகள். ஒரு வருடம் எடுத்தது. அதில் வீரன் இருபத்துமூன்று இடங்களில் சாகலாம். அந்தச் சாவுகளை எழுதும்போதுதான் யூட்சன் தனியாகச் சிரிப்பான். 'திருக்கையின் வாலை மிதித்துவிட்டாய். முல்லைத்தீவில் பிறந்தவன் செய்கிற வேலையா இது? செத்தாய். 1க்குப் போ.' 'கதவைத் திறந்தாய். உள்ளே பூதம் பல்லு விளக்கிக்கொண்டிருந்தது. செத்தாய். 1க்குப் போ. இந்தமுறை தட்டிப்போட்டுத் திற.'

1995இல் யூட்சன் அந்தக் கொப்பியைத் தன் பள்ளித் தோழன் ஜெயந்தனிடம் வாசிக்கக் கொடுத்தான். ஜெயந்தன் உருத்திரபுரத்துக்காரன். முல்லைத்தீவில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தவன், ஊருக்குத் திரும்பும்போது கொப்பியையும் கொண்டுபோனான். அடுத்த வருடம் ஆடி மாதம் முல்லைத்தீவில் சண்டை தொடங்கியது. உடுத்த உடுப்போடு ஓடினார்கள். பச்சை அட்டைப் புத்தகம், படங்கள், பள்ளிக்கூடக் கொப்பிகள், ஒன்றும் மிஞ்சவில்லை. 1997 கார்த்திகையில் புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில் யூட்சனுக்கு மலேரியா வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது. குளிசை தேடி அப்பா மூன்று நாள் அலைந்தார். நாலாம் நாள் குளிசை தேவைப்படவில்லை.

அவனுடைய கையெழுத்தில் ஒரு வரிகூட வீட்டில் இல்லை.

*

பள்ளி விட்டதும் நிறஞ்சனா உருத்திரபுரத்துக்குச் சைக்கிள் மிதித்தாள். வாய்க்கால் ரோட்டில் எதிர்க்காற்று. அவளுக்குக் களைக்கவே இல்லை. என்ன சொல்வது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஜெயந்தனின் வீட்டு முற்றத்தில் ஒரு கொட்டில், அதில் ஒரு கரும்பலகை. ரியூசனுக்குப் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. அவன் சோக்கட்டித் தூசியைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தான். யார் என்று அடையாளம் காண ஒரு நிமிடம் எடுத்தது.

"நிறஞ்சனா? நீரோ? கடவுளே, எங்க இருக்கிறீர்?"

அவள் புத்தகத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது ஆர் எழுதினது?"

ஜெயந்தன் படலைப் பக்கம் பார்த்தான்.

"வாசிக்கத் தெரியும்தானே ஜெயந்தன் அண்ணா? அட்டையில கிடக்கிற பேரை வாசியுங்கோ."

"சத்தம் போடாதையும். இரும், சொல்லுறன்."

"நான் இருக்க வரேல்லை. அண்ணா செத்தது உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும். தொண்ணூற்றெட்டில கேள்விப்பட்டனான்."

"அப்ப செத்தவன் வந்து கேக்கமாட்டான் எண்டு பேரைப் போட்டனீங்கள்."

ஜெயந்தனின் தாய் விமலேஸ்வரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆர் தம்பி? பிள்ளை, வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ."

"எனக்கு ஒண்டும் வேண்டாம் அம்மா," என்றாள் நிறஞ்சனா. அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் குரல் தாழ்ந்தது.

ஜெயந்தன் மெதுவாகச் சொன்னான். ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளின் வாசிப்புக்கென்று கொஞ்சக் கடதாசியும், றோனியோவில் அடிக்க ஸ்ரென்சில் தாள்களும் தந்தது. என்ன அடிப்பது என்று கேட்டபோது அவனுக்கு இந்தக் கொப்பிதான் ஞாபகம் வந்தது. நாலு மாதம் தன் கையாலேயே ஸ்ரென்சில் வெட்டினான். "ஆற்ற ஆக்கம் எண்டு கேட்டவை. செத்தவன்ர பேரைப் போட்டா நினைவுமலர் எண்டு நினைச்சுப் பிள்ளையள் தொடாதுகள் எண்டு..."

"பொய்."

அவன் நிலத்தைப் பார்த்தான். "ஓம். பொய்தான். அச்சில என்ர பேரைப் பாக்க ஆசையா இருந்தது."

அந்த உண்மை அவளுடைய கோபத்தைத் தணிக்கவில்லை. "கொப்பி எங்க?"

அவன் உள்ளே போய், பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிய பொதியைக் கொண்டுவந்தான். "தொண்ணூற்றாறில இஞ்சயிருந்து ஓடேக்க அப்பா நெல்லு மூட்டையைக் கட்டினார். நான் இதை வயித்தில கட்டிக்கொண்டு ஓடினனான். அக்கராயன், பிறகு மல்லாவி. ஒரு நாளும் நனைய விடேல்லை."

"அப்ப ஏன் கொண்டுவந்து தரேல்லை?"

"உங்களை எங்க தேடுறது?"

"செத்தது தெரிஞ்ச உங்களுக்கு, செத்த வீடு எங்க எண்டு கேக்கத் தெரியேல்லையோ?"

அவன் பொதியை அவளிடம் நீட்டினான். "வந்தா வாங்கிப்போடுவியள் எண்டு பயம். என்னட்டையும் அவன்ர எண்டு வேற ஒண்டும் இல்லை."

இவன் முழுக் கள்ளனாக இருந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பொலித்தீனைப் பிரித்தாள். அண்ணாவின் சரிந்த கையெழுத்து. 'ற' எழுதும்போது வாலை அடுத்த வரிவரைக்கும் இழுத்துவிடும் பழக்கம். அடுத்த தாளைத் திருப்பியவள் அப்படியே நின்றாள்.

பூதம் பல்லு விளக்கும் பகுதியில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் சிவப்பு மையில் ஜெயந்தனின் எழுத்து: 'வழி தவறிவிட்டாய். முந்திய பகுதிக்குத் திரும்பு.' அவசர அவசரமாகப் புரட்டினாள். திருக்கைக்கும் அதே கோடு. இருபத்துமூன்று சாவுக்கும் இருபத்துமூன்று சிவப்புக் கோடுகள்.

"என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" அவள் கத்தவில்லை.

"பிள்ளையளுக்கு நிறஞ்சனா. இஞ்ச படிக்கிறதுகளில பாதிப்பேருக்கு வீட்டில ஒரு சாவு. தகப்பன், தமையன்... அதுகளிட்ட 'செத்தாய்' எண்டு எப்பிடிக் குடுக்கிறது?"

"செத்தா முதலாம் பக்கத்துக்குப் போய்த் திரும்பத் தொடங்கலாம். அதுக்காகத்தானே நாங்கள் அதை விளையாடினது! வேற எங்க அப்பிடி ஏலும்? சொல்லுங்கோ, வேற எங்க? அதைத்தான் தேடிப் பிடிச்சு வெட்டியிருக்கிறியள்."

அவள் கொப்பியைப் படாரென்று மூடினாள்.

"இன்னும் எத்தினை புத்தகம் கிடக்கு?"

"நாப்பத்தொண்டு. மற்றதெல்லாம் குடுத்திட்டன்."

"எடுத்துக்கொண்டு வாங்கோ. பேனையும்."

அவன் கொட்டிலுக்குள் அமர்ந்து ஒவ்வோர் அட்டையிலும் தன் பெயரை வெட்டிவிட்டு, 'மரியநேசன் யூட்சன்' என்று எழுதினான். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். ரியூசனுக்கு வந்த பிள்ளைகள் படலையடியில் நின்று, சேர் எழுதுவதையும் யாரோ ஒரு ரீச்சர் காவல் நிற்பதையும் பார்த்தார்கள். விமலேஸ்வரி கொண்டுவந்த தேத்தண்ணி வாங்கில் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு அட்டையில் அவன் கிறுக்கிவிட்டான். "இதைத் திருப்பி எழுதுங்கோ," என்றாள். எழுதினான்.

எல்லாம் முடிந்ததும், "திரும்ப அடியுங்கோ," என்றாள். "சாவெல்லாத்தோடையும்."

"கடதாசி இல்லை."

"தேடுங்கோ."

"கொப்பியை விட்டிட்டுப் போனாத்தானே பாத்து ஸ்ரென்சில் வெட்டலாம்?"

"இது இனி உங்கட கைக்கு வராது. வெட்டினதை நான் எழுதி அனுப்புறன்."

*

வீட்டில் அம்மா கலிஸ்ரா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். ஒரு தாளைத் தடவி, "எவ்வளவு அடிச்சும் இவன்ர எழுத்துத் திருந்தேல்லை," என்றார். பிறகு சிவப்புக் கோட்டைப் பார்த்தார். "இது ஆர்?"

நிறஞ்சனா சொன்னாள். அம்மா கொப்பியை மூடினார். "அவன் இனி இந்த வாசல் மிதிக்கக் கூடாது."

அடுத்த நாள் நிறஞ்சனா வகுப்பில் எல்லோர் முன்னாலும் கமலாசனியிடம், "நேற்று நான் பேசினது பிழை. உன்னில ஒரு பிழையும் இல்லை," என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கமலாசனி வாங்கிக்கொண்டாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கிழமையாகக் கடைசி வாங்கிலேயே போய் இருந்தாள்.

வெட்டப்பட்ட இருபத்துமூன்று பகுதிகளையும் பிரதி பண்ண நிறஞ்சனாவுக்கு மூன்று கிழமை ஆனது. சிவப்புக் கோட்டுக்கு அடியில் சில சொற்கள் சரியாகத் தெரியவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள், அடுத்த நிமிடமே பேனையை எறிந்தாள். ரப்பரால் ஒரு கோட்டை அழித்துப் பார்த்தாள். மை போகவில்லை, தாள்தான் தேய்ந்தது. அதோடு அந்த முயற்சியை விட்டாள். பிரதியை ஒரு பிள்ளையிடம் கொடுத்து உருத்திரபுரத்துக்கு அனுப்பினாள்.

ஆவணி மாதம் இரண்டாவது பதிப்பு வந்தது. அட்டையில் யூட்சனின் பெயர் மட்டும். பத்துப் பிரதிகள் யாரோ ஒருவரின் சைக்கிளில் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. அவள் அவற்றை வகுப்பில் கொடுத்தாள். இடைவேளையில் பிள்ளைகள் வட்டமாக இருந்து, "செத்தாய்! செத்தாய்! ஒண்டுக்குப் போ!" என்று கத்தினார்கள். கிடைத்தது என்று ஜெயந்தனுக்கு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, கிளிநொச்சிச் சந்தைக்கு முன்னால் அவனைக் கண்டாள். அவன் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றான்.

"புத்தகம் கிடைச்சதோ?"

"கிடைச்சது."

"பிழை ஏதும்?"

"நூற்றிப் பதினேழாம் பகுதியில கடைசி வரியை விட்டிட்டியள்."

அவன் முகம் வாடியது. "என்ன வரி?"

அவள் ரோட்டில் நின்றபடியே சொன்னாள். "'கோட்டைக்காரனை நம்பாதே, ஆனால் அவன் தரும் சோற்றைத் தின்.'"

அவனிடம் தாள் இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து உள்ளங்கையில் எழுதினான். எழுதி முடித்து நிமிரும்வரை அவள் காத்து நின்றாள். பிறகு சைக்கிளில் ஏறிப் போனாள்.