முழுமையாக ஏற்கிறேன்

சங்கரன்கோவிலுக்கு வெளியே, கரிசல் காட்டின் நடுவே இருக்கும் அந்தத் தனியார் கல்லூரிக்கு மெய்நிகர் கண்ணாடி வந்து இறங்கியபோது மேளம் மட்டும்தான் வைக்கவில்லை. வந்தது ஒரே ஒரு கண்ணாடி. அதற்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பலகை, பலகையில் கண்ணாடியைவிடப் பெரிதாகத் தாளாளரின் படம். தலையில் மாட்டினால் இதயம் கண்ணெதிரே மிதந்து துடிக்கும், அறைக்குள்ளேயே இமயமலை எழும்பும் என்று விற்க வந்தவர் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. முதல்வர் டாக்டர் சௌந்தரபாண்டியன் கல்லூரிப் பேருந்துக்கும் ஜெனரேட்டருக்கும் சந்தனம் வைத்த கையோடு இதற்கும் வைத்தார். வெளியே வைத்திருந்தால் பிழைத்திருக்கும். "கண்ணு இருக்க பக்கம்தானவே மூஞ்சி" என்று உள்ளே திருப்பி, இரண்டு லென்ஸிலும் நட்டநடுவே அழுத்தினார். காய்ந்துபோனதை மறுநாள் யாரோ பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். அன்று முதல் இதயமும் இமயமலையும் ஒன்றுதான்: மஞ்சள் மூட்டம்.

ஞானசெல்வி அங்கே தற்காலிக ஆசிரியை. ஜூனுக்குள் முனைவர் பட்டம் வாங்காதவர்களுக்கு வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. புளியங்குடி எலுமிச்சை மண்டியில்கூட இனி ஆள் எடுக்க மாட்டார்கள். அவளுடைய ஆய்வு, மெய்நிகர் வழிக் கல்வியை மாணவர்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று அளப்பது. நெறியாளர் முதல்வரேதான்.

"சார், கண்ணாடில ஒண்ணுமே தெரியல. சரிபண்ணிட்டு அளக்கலாமா?"

"ஏம்மா, நீ அளக்கப்போறது கண்ணாடியையா, ஏற்பையா? ஏற்பை அளக்கதுக்குக் கண்ணாடி எதுக்கு?"

இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத்தருவதில்லை.

மாணவர்கள் வரிசையில் வந்து மாட்டிக்கொண்டார்கள். "சூப்பர் மேடம்" என்றார்கள். பிறகு வினாத்தாளில் எல்லாக் கேள்விக்கும் 'முழுமையாக ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்கள். பனவடலிசத்திரத்து முத்துமாரி மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள்.

"மேடம், எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது. கண்ணு கிண்ணு போயிருச்சா?"

"இல்லட்டி. எல்லாருக்கும் அப்படித்தான்."

"பெறவு எப்படி எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லுதாவ?"

ஞானசெல்வி வினாத்தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். முத்துமாரி மேலிருந்து கீழ்வரை 'ஏற்கவில்லை' என்று குறித்துக் கொடுத்தாள்.

"இந்தப் பிள்ளையக் கழிச்சுரு" என்றார் முதல்வர். கழித்தாயிற்று. அதன்பிறகு கணினி அடம்பிடித்தது. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் அதில் அளப்பதற்கு என்ன இருக்கிறது? விடைகளுக்குள் வேறுபாடு பூஜ்யம் என்று திரையில் வந்து நின்றது.

"கொஞ்சம் மறுப்பும் வேணும்போல" என்று தாடையைத் தடவினார் முதல்வர்.

"முத்துமாரியச் சேத்துக்கிடலாமா சார்?"

"அது நெசமாவே மறுக்குதும்மா. அது சரிப்படாது. நமக்கு வேண்டியது அளவான மறுப்பு."

வகுப்புத் தலைவன் அபிஷேக் வேலையைக் கையில் எடுத்தான். எல்லாருக்கும் புது வினாத்தாள் கொடுத்து, ரோல் நம்பரை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தான். "ஏலே, ரெட்டப்படக்காரங்கள்லாம் கொஞ்சங் கொஞ்சம் மறுங்கலே!"

"என்னத்தலே மறுக்க?"

"எதையாச்சும் மறுலே. மேடம் கேக்காவ."

"இன்டர்னல் மார்க்கு கொறையாதுல்லா?"

"மறுக்காட்டிதான்லே கொறையும்!"

முத்துமாரி புதுத் தாளோடு மேசைக்கு வந்தாள். "மேடம், என் நம்பரு ஒத்தப்பட. நான் ஏத்துக்கிடணுமாம்."

ஞானசெல்வி மின்விசிறியைப் பார்த்தாள். அதுவும் ஓடவில்லை.

"ஏத்துக்கோ."

அந்தப் பெண் அங்கேயே நின்று டிக் அடித்தாள், ஒவ்வொரு கட்டமாக, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி. அதற்குப் பிறகு அவள் ஞானசெல்வியின் வகுப்பில் சந்தேகம் எதுவும் கேட்டதில்லை.

கணினிக்குத் திருப்தி. பல்கலைக்கழகத்துக்கும் திருப்தி. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பெரியவர் மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். டாக்டர் ஞானசெல்விக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதல்வர் தன் உரையில் தன்னைப் பலமுறை பாராட்டிக்கொண்டார்.

ஜூனில் முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. நிரந்தர உத்தரவு என்று நினைத்துப் பட்டுப்புடவை கட்டிப் போனாள்.

"தாளாளர் உன் ஆய்வைப் படிச்சாரும்மா. முழுசா இல்ல, முடிவுரைய மட்டும். வாத்தியார் இல்லாட்டியும் இதுலயே படிச்சுக்கிடுவோம்னு பிள்ளைங்க ஏத்துக்கிட்டதா போட்டிருக்கேல்லா? மனுஷன் அசந்துட்டாரு. ரூமுக்கு ரூம் கண்ணாடி வருது. தற்காலிக ஆளுக யாரும் வேண்டாம்னுட்டாரு."

"சார், அதெல்லாம் பொய்னு உங்களுக்கே தெரியும்லா?"

"மெதுவாப் பேசும்மா. வாங்குன பட்டம் போயிரும்."

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

முதல்வருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. "ஒண்ணு செய்யலாம். பிள்ளைங்க தலையில மாட்டிவிட, கழத்த, சார்ஜ் போட ஒரு ஆள் எடுக்காவ. சம்பளம் பாதிதான். பன்னெண்டாங் கிளாஸ் போதும்னு போட்டிருக்கு. நீ டாக்டர்னு சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போவுது?"

வெளியே தாழ்வாரத்தில் புதுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஞானசெல்வி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எப்ப சேரணும் சார்?"