வாடையில்லாத போதை

சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தவனின் வாயருகே குனிந்து அவன் மனைவி மோந்து பார்த்தாள். அவனுக்கு அது தெரிந்தது. கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன் டம்ளரோடு சரிந்திருந்தான். சன்னலில் அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது; அது தண்ணீரா வியர்வையா என்று அவனுக்கே விளங்கவில்லை.

“வாடையே வரல,” என்று அவள் வாசலில் நின்ற மகளிடம் சொன்னாள். “வாடையில்லாத சரக்கா பாத்து வாங்கியிருக்காரு உங்கப்பா. முன்னேற்றம்தான்.”

பிறகு அவள் பழைய காலத்தில் செய்ததையெல்லாம் வரிசை மாறாமல் செய்தாள். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தலைமாட்டில் வாளியை வைத்தாள். மகளை அனுப்பிவிட்டு, தானும் வெளியே வந்து கதவைப் பூட்டினாள். தெளியும்வரை சோறு தண்ணீர் கிடையாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அவன் குழறலாக ஏதோ சொன்னான். அந்தக் குழறலும் பழையதுதான், அச்சு அசலாக. வெகுநேரம் கழித்து, மகள் அம்மாவுக்குத் தெரியாமல் கதவிடுக்கில் தள்ளிய பிஸ்கட்டை நாய் மாதிரி தரையிலேயே வாய் வைத்துத் தின்றான். சற்று நேரத்தில் உலகம் தன் இடத்துக்கு வந்து நின்றது.

“நான் குடிக்கலம்மா. சத்தியமா,” என்றான், அவள் கதவைத் திறந்துவிட்ட பிறகு.

“நான் கேக்கவே இல்லையே,” என்றாள் அவள். தையல் மெஷினில் உட்கார்ந்து யாரோ ஒருவர் வீட்டுத் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அவன் குடியை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கம்பெனியில் கெட்டிக்காரன் என்று பெயர். இந்த வருடத் தொடக்கத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. உடம்பு இளைத்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்போதும் அவள் முதலில் சந்தேகப்பட்டது பாட்டிலைத்தான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றதும் அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே சிரித்துவிட்டாள். வியாதி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பெண்டாட்டி நீ ஒருத்திதான் என்று அவன் கிண்டல் செய்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் மாத்திரையை அவளே பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். கை நடுக்கம் நின்றது. அதற்கப்புறம்தான் இந்த விழுதல் தொடங்கியது.

வேலையிலும் ஒருநாள் நடந்தது. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று வேலை பார்க்கும்போது, முதலில் அங்கிருக்கும் நிறுத்தும் பொத்தானை அமுக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அன்று அமுக்கவில்லை. பெட்டி அவனோடு மேலே கிளம்பியது. கீழே நின்ற கூட்டாளி மின்சாரத்தை அணைத்திராவிட்டால் கான்கிரீட்டுக்கும் கூரைக்கும் நடுவில் நசுங்கியிருப்பான். இறக்கியபோது, தன்னைத் தூக்கிப் பிடித்தவனையே அவன் அசிங்கமாகத் திட்டினானாம். அவனுக்கு எதுவும் நினைவில்லை.

மேஸ்திரியை எல்லோரும் ‘கேபிள்’ என்பார்கள். பேச்சு அவ்வளவு நீளம். அன்று அவர் சுருக்கமாகப் பேசினார். “தம்பி, நீ நல்லவன்தான். ஆனா அது லிஃப்டுக்குத் தெரியாதே. நாளையிலிருந்து ஸ்டோர்ல உக்காரு.”

ஸ்டோரில் போல்ட்டும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. ஒருவேளை குடிக்கிறேனோ? குடித்துவிட்டு, குடித்ததையே மறந்துவிடுகிறேனோ? வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, முன்பு பாட்டிலை ஒளித்துவைத்த இடங்களையெல்லாம் துழாவினான். தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம், பழைய செருப்புப் பெட்டி, பரண். தூசிதான் இருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மாறாக, வேறு புது இடம் கண்டுபிடித்திருப்பேனோ என்று தோன்றியது. மகள் தன் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டிவருவதை நிறுத்தியிருந்தாள். மனைவி மோந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். தீர்ப்பு எழுதியான பிறகு சாட்சி எதற்கு?

அப்படியொரு சாயங்காலம் அவன் ஸ்டோரைப் பூட்டிவிட்டு நேராகக் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடித்தான். கோபம்கூட இல்லை. எப்படியும் இதற்கான தண்டனையை அனுபவித்தாகிவிட்டது என்று நினைத்தான். வீட்டுக்கு வந்து படுத்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் அவனை உலுக்கியது. அந்த மாதம் மேலும் சில முறை குடித்தான்.

உண்மை அதற்குப் பிறகுதான் வந்தது. குடிக்காத ஒரு நாள், பஸ் நிறுத்தத்தில் விழுந்து வலிப்பு வந்தவனை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. வார்டில் வைத்துப் பல சோதனைகள் செய்தார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா அவன் சாப்பிடும் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மனைவியிடம் பேசினார்.

“இதாம்மா காரணம். ரொம்ப அபூர்வமா சிலருக்குத்தான் இப்படிப் பண்ணும். உடம்பு இன்சுலினைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, திடீர்னு மொத்தமா அவுத்து விட்டுரும். சர்க்கரை தடால்னு எறங்கிரும். உளறுவாங்க, தள்ளாடுவாங்க, கோவப்படுவாங்க. பாக்கிறவங்களுக்குக் குடிச்ச மாதிரியேதான் இருக்கும்.”

“தெனமும் நான்தானே டாக்டர் எடுத்துக் குடுத்தேன்?” என்றாள் அவள்.

“தைராய்டுக்கு வேற வைத்தியம் பாத்துக்கலாம். இதை நிறுத்தினா அடங்கும். ஆனா உடனே இல்ல, சில மாசம்கூட ஆகலாம். அதுவரைக்கும் எப்ப மயங்கினாலும், முழுங்குற நெனைவு இருந்தா சர்க்கரைத் தண்ணி குடுங்க. நெனைவே இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாம நேரா இங்க தூக்கிட்டு வந்துருங்க.”

அவள் கட்டிலருகே வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். “உங்கள வாளி வெச்சுப் பூட்டினேனே, பாவி. பசியோட பூட்டினேனே.”

“நான் ஒண்ணு சொல்லணும்,” என்றான்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். இத்தனை நாள் சொன்னீங்க, நான் கேக்கல. இனிமே நீங்க வாயத் திறந்து சொல்லணும்னே இல்ல.” அவள் அவன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். கையில் மெஷின் எண்ணெய் மணத்தது. அந்தக் கையை எடுத்துவிட அவனுக்குத் தெம்பு இருந்தது. எடுக்கவில்லை.

விஷயம் குடியிருப்பு முழுக்கப் பரவியது. அவளே ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். மகள் சிநேகிதிகளைக் கூட்டிவந்து, “எங்கப்பாவுக்கு வந்தது லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வருமாம்,” என்று பெருமையடித்தாள். கேபிள்கூட வந்து, இன்னும் கொஞ்ச நாளில் பழைய வேலைக்கே வந்துவிடலாம் என்று நீளமாகப் பேசிவிட்டுப் போனார். எல்லோரும் அவனை மன்னித்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். உண்மை தெரிந்தால் இந்தக் குடித் தாகம் தானாகத் தணிந்துவிடும் என்று அவன் நம்பியிருந்தான். அது தணியவில்லை. நான்கு வருடம் காத்திருந்தது, இனி காத்திருக்காது. அதோடு இப்போது ஒரு புதுச் சௌகரியமும் இருந்தது. சில மாதங்களுக்கு அவன் எப்போது விழுந்தாலும் அதற்கு ஒரே ஒரு காரணம்தான்.

சனிக்கிழமை மதியம், மாடிப்படித் திருப்பத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். எழ முடியவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது, மேல்வீட்டிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அவன் மனைவி கிண்ணமும் கரண்டியுமாக ஓடிவந்தாள். படியில் மண்டியிட்டு அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

“வாயத் திறங்க. கொஞ்சம், கொஞ்சம்தான்.”

அவன் வாயைத் திறந்தான். சொல்லிவிடத்தான் திறந்தான். அவன் மூச்சு அவள் முகத்தில் பட்டது.

கரண்டி நடுவில் நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. மேலே எட்டிப் பார்த்த தலைகளைப் பார்த்தாள், திறந்திருந்த எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

“என்னாச்சு?” என்று எதிர்வீட்டுப் பெண் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள். “நான் வந்து பிடிக்கவா?”

“வேணாம்கா, வேணாம், அங்கயே இருங்க,” என்றாள் அவள், எல்லா மாடிக்கும் கேட்கும்படி. “சர்க்கரை எறங்கிருச்சு. அவ்வளவுதான்.”

கரண்டி மறுபடி வந்தது. அவன் பற்களில் இடித்தது. அவன் விழுங்கவில்லை, தண்ணீர் கடைவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, அவள் காலையில் தேய்த்துக் கொடுத்த சட்டையின் காலரை நனைத்தது. அவள் அடுத்த கரண்டியை மொண்டாள்.